சத்தம் போன வண்டி

தகரக் கொட்டகையின் மேல் மழை கூழாங்கல்லாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்த அஸீம், ஈரச் சட்டையோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தான். சாரல் அடிக்கிறதே என்று கதவை இழுத்துச் சாத்தினான். மழை நின்றுவிட்டது.

நின்றதாகத்தான் முதலில் நினைத்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கொட்டகை விளிம்பிலிருந்து தண்ணீர் திரைகட்டி விழுந்துகொண்டிருந்தது. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி நிறைந்து வழிந்தது. கதவைக் கொஞ்சம் திறந்தான். காதை அடைக்கும் இரைச்சல். சாத்தினான். ஒன்றுமில்லை.

அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு இந்த வண்டிக்குள் தவழ்ந்ததெல்லாம் சத்தத்தைக் கொல்லத்தானே? ஆனால் வேலை பாதிகூட ஆகவில்லை. தரையிலும் முன்கதவு இரண்டிலும் மட்டும்தான் தோல் ஒட்டியிருந்தான். தலைக்கு மேலே வெறும் இரும்புத் தகடு. பின்கதவுகளின் உட்பலகைகளைக் கழற்றிப் போட்டிருந்ததில், ஒயர்களும் ஓட்டைகளும் குடல் சரிந்ததுபோல் தெரிந்தன. இந்த நிலையில் இருக்கிற வண்டிக்குள், அடுத்த தெருவில் ஒருவர் தும்மினாலும் கேட்க வேண்டும்.

அஸீம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடமாகவே அவன் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். சந்தை நாளில் அவன் செருப்புக் கடையில் ஒருவன் இடது கால் செருப்பு இரண்டை மாற்றி எடுத்துப் போனால், போகட்டும் என்று விட்டுவிடுவான். மனசு என்று ஒன்று இருந்த இடத்தில் பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசியை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மரப்பு இன்னும் விடவில்லை.

அந்தக் காரை அவன் வாங்கியபோது அப்படி இல்லை. யாரோ ஓட்டிச் சலித்த சிவப்புக் குட்டிக் கார் அது. எடுத்து வந்த நாளிலிருந்து அதை விட்டு அவன் கை எடுக்கவில்லை. சக்கரங்களை மாற்றினான், வண்டியைத் தரையோடு தாழ்த்தினான், பின்னால் ஒரு இறக்கை வைத்தான், ஸ்டியரிங்குக்குத் தோல் வெட்டிச் சிவப்பு நூலில் தானே தைத்தான். தோல் வேலை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாணியம்பாடியில் அவன் குடும்பத்து ஆண்களெல்லாம் தோல் பதனிடும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வளர்ந்தவர்கள். மனைவி சைமாவுக்கு மலைமேல் டீச்சர் வேலை கிடைத்ததால் அவன் மட்டும் ஜமுனாமரத்தூருக்கு ஏறி வந்து செருப்புக் கடை போட்டான். கடைசியாக ஒருநாள் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு தடித்த குழாயை மாட்டினான். மலையே அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும், ஷேர் ஜீப் ஓட்டும் பாண்டுரங்கன் அப்போதெல்லாம் கேலி பண்ணுவார்.

"இன்னா பாய், நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வண்டி சத்தம் வந்து டீ குட்ச்சிட்டுப் போய்டுதே!"

அந்தச் சத்தத்தில்தான் காஷிஃபா போனாள்.

அவர்களுடைய நாலு மாதக் குழந்தை. சைமா திருப்பத்தூரில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். குழந்தையை அவளிடம் கொண்டுபோய் விடலாம் என்று, பின்சீட்டில் கூடையை வைத்து பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, அஸீம் தனியாகக் கிளம்பினான். வழியில் குடித்த பால் புரையேறியிருக்கிறது. அவன் காதில் விழுந்ததெல்லாம் இன்ஜின் உறுமல்தான். வளைவுக்கு வளைவு அதை ரசித்துக்கொண்டே இறங்கினான். திருப்பத்தூரில் கதவைத் திறந்தபோது குழந்தையின் உதடுகள் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தன.

சைமா அவனை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது ஏதாவது உறைத்திருக்கும். வண்டியை விற்றுவிடுகிறேன் என்று அவன் சொன்னபோது மட்டும், "விக்காதீங்க. அவ கடைசியா இருந்த எடம் அது" என்றாள். ஆனால் அதில் ஏறவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் போனாள், பாண்டுரங்கனின் ஜீப்பில் ஒட்டிக்கொண்டு போனாள். மறுபடியும் வயிற்றில் ஒன்று வந்து, மாதம் ஏறி, பஸ்ஸின் குலுக்கல் கூடாது என்று வாணியம்பாடி டாக்டரம்மா கண்டித்த பிறகுதான் ஒருநாள் சாப்பிடும்போது தலை நிமிராமல் பேசினாள்.

"அந்த வண்டியில சத்தம் போகட்டும். சத்தம் போச்சுன்னா ஏறுறேன். பின்னாடி ஒரு எறும்பு நடந்தாக்கூட உங்க காதுல விழணும்."

அவ்வளவுதான். இந்தக் குழந்தையாவது பத்திரமாக மலையிறங்கிப் பிறக்க வேண்டும். அதற்கு வண்டி ஊமையாக வேண்டும். அஸீமின் மரத்துப்போன தலைக்குள் இந்த ஒன்று மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பழைய சைலன்சரையே மாட்டினான். தாழ்த்திய வண்டியை உயர்த்தினான். இறக்கையைப் பிடுங்கினான். ஆனாலும் டயரின் இரைச்சல், காற்றின் விசில், பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று உரசுகிற கிறீச்சு. மற்றவர்கள் இதற்குக் கடையில் தார் ஷீட்டு வாங்கி ஒட்டுவார்கள். அஸீமுக்குத் தோலை விட்டால் வேறெதுவும் தோன்றாது. வாணியம்பாடி டேனரியில் மேஸ்திரியாக இருக்கும் தாய்மாமன் பாஷாவுக்குப் போன் போட்டான். அவர் கழிவுத் தோல் இரண்டு கட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். தரைக்கும் முன்கதவுகளுக்கும் அது சரியாகப் போயிற்று. மழை கேட்காமல் போன அன்று ராத்திரி, கூரைக்கும் பின்பக்கத்துக்கும் இன்னும் வேண்டும் என்று மறுபடி கேட்டான்.

"குடோன்ல ஒரு கட்டு வருசக்கணக்கா கெடக்குதுடா அஸீமு" என்றார் பாஷா மாமா. "குட்டித் தோலு. சென ஆட்ட அறுக்கறப்போ வயித்துக்குள்ள இருந்ததுங்க. கையில எடுத்தா எடுத்த மாதிரியே இருக்காது, அவ்ளோ மெத்துனு இருக்கும். எவனும் வாங்க மாட்டேங்குறான். சத்தத்த அப்படியே முழுங்கும்."

"சரி மாமா. அனுப்புங்க."

"சைமாகிட்ட சொல்லாதடா. வயித்துப்புள்ளக்காரி."

கட்டு மறுநாளே வந்தது. ஒவ்வொரு தோலும் இரண்டு உள்ளங்கை அகலம், மங்கிய பால் நிறம், முடி முளைக்காத வழவழப்பு. நடுவில், தொப்புள்கொடி இருந்த இடத்தில், ஒரு சின்னச் சுருக்கு. வேறு யாராக இருந்தாலும் பிரித்ததுமே கட்டை மூடி, கொண்டுபோய் எங்காவது புதைத்திருப்பார்கள். டேனரி வாசத்தில் பிறந்தவனுக்கு எந்தத் தோலும் தோல்தான், கிழிகிறதா கிழியாதா என்று இழுத்துத்தான் பார்ப்பான். அஸீம் இழுத்துப் பார்த்தான். செருப்பு ஒட்டும் பசையான சொல்யூஷனைத் தடவி, கூரைத் தகட்டில் ஒன்றையொட்டி ஒன்றாக ஒட்ட ஆரம்பித்தான்.

அந்த வேலையின்போதுதான் முதல்முறையாகக் கேட்டது.

பின்சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கைகளை உயர்த்தித் தோலை விரலால் நீவிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிக்கொண்டிருந்தான். கதவுகள் சாத்தியிருந்தன. சொல்யூஷனின் இனிப்பு நெடி, அதற்கடியில் பழைய தோலின் புளிப்பு, அதற்கும் அடியில் வேறொரு மெல்லிய வாசனை, சூடு ஆறாத பாலின் வாசனை போல. தன் மூச்சு அவனுக்குப் பெரிதாகக் கேட்டது. இழுத்தான், விட்டான். அவன் விட்டு முடித்த பிறகும் இன்னொரு மூச்சு மிச்சமிருந்தது. சின்னது. வேகமானது. மூக்கில் லேசாகச் சளி அடைத்த கொர்ர்.

அவன் மூச்சைப் பிடித்தான். அது பிடிக்கவில்லை.

பயம் வரவேண்டிய இடம் அது. வந்தது என்னவோ வேறு. அவன் மார்புக்குள் மரத்துக்கிடந்த இடத்தில் ஊசி முனை பட்ட மாதிரி ஒரு சுரீர். காஷிஃபாவுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது. தூங்கும்போது அவள் மூக்கு இப்படித்தான் கொர்ரென்னும். அவன் கையை இறக்காமல், அசையாமல், தோள்பட்டை வலிக்கும்வரை அப்படியே படுத்திருந்தான். கதவைத் திறந்து வெளியே வந்தபோது, சைமா பலமுறை கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் வாசலில் நின்றிருந்தாள்.

"காது கேக்கலியா உங்களுக்கு?"

"வண்டி அவ்ளோ நல்லா வந்திருக்கு" என்றான்.

அதன் பிறகு தினமும் கடை சாத்தியதும் நேராகக் கொட்டகைக்குத்தான். வேலை ஒரு சாக்காகிவிட்டது. ஒரு தோலை ஒட்டுவான், கதவைச் சாத்துவான், கேட்பான். ஒவ்வொரு தோலுக்கும் மூச்சு கொஞ்சம் தெளிந்தது. ஒரு நாள் நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம். ஒரு நாள் கூடையின் பிரம்பில் சின்னக் கால் உதைக்கிற சத்தம். கூடை அங்கே இல்லை, அதை எப்போதோ எரித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் காலிச் சீட்டு. திரும்பாமல் இருந்தால் குழந்தை. ஆகவே அவன் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

இதற்கிடையில் ஒருநாள் பாண்டுரங்கன் வேலையைப் பார்க்க வந்தார். சிரித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அஸீமுக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. குரல் கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல் பாதிதான் வந்தது. பாண்டுரங்கனின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கைப்பிடியைத் தேடினார், கிடைக்கவில்லை, மறுபடி தேடினார். கதவு திறந்ததும் கீழே விழாத குறையாக வெளியே வந்து கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த சொல்யூசன் வாட தலைக்கேறிடுச்சு பாய்" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், "இத இப்டியே வுட்டுடு. டீச்சரம்மாவ நான் ஜீப்ல மெதுவா இட்டுனு போறேன். மெத்தய போட்டு, வளைவுக்கு வளைவு நிறுத்திக்கினு போறேன். சொன்னா கேளு."

"வேல முடியப்போகுதுண்ணா."

"உள்ள இன்னா கீது பாய்?"

அஸீம் கதவைச் சாத்தினான். பாண்டுரங்கன் அதன்பின் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

கடைசித் தோலை ஒட்டி, அதன்மேல் சாம்பல் நிறத் துணியைப் பதித்து மூடிய மறுநாள் காலை, சைமா தானாகவே வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு கையை வயிற்றின்மேலும் ஒரு கையை டேஷ்போர்டின்மேலும் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு வருடமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்ததை அஸீம் பார்த்தான். அந்தத் தளர்வுக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான்.

"எவ்ளோ அமைதியா இருக்கு" என்றாள். அந்தக் குரலும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு, "உள்ள இருக்கறதுகூட அசையாம தூங்குது, பாருங்க. காலையிலேர்ந்து ஒதச்சிக்கிட்டே இருந்துது" என்றாள்.

இறங்கி இரண்டடி வைத்ததும் "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உதைக்கிறதாம். உள்ளே ஏறினால் நின்றுவிடுகிறது, இறங்கினால் உதைக்கிறது. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அஸீமின் முதுகில் குளிர் ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது. அந்த நொடியில் அவன் வாயைத் திறந்திருக்கலாம். வேண்டாம் சைமா, ஜீப்பிலேயே போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டியைப் பிரிக்க வேண்டிவரும். பிரித்தால் அந்த மூச்சும் போய்விடும். அவன் அந்தக் குளிரை விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். இருக்கிற குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் நடுவில் அவன் செய்த தேர்வு அது. செய்கிறோம் என்று அவனுக்கே தெரியாமல் செய்தான்.

வலி குறித்த நாளுக்கு முன்னாலேயே வந்தது. மத்தியானம், மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. பாண்டுரங்கன் நெல்லிவாசல்நாட்டுக்குச் சவாரி போயிருந்தார், போன் எடுக்கவில்லை. சைமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"லேசாத்தான் வலிக்குது. நேரமிருக்கு. நம்ம டாக்டரம்மாகிட்டயே போயிடலாம்."

பாண்டுரங்கனின் மனைவி வசந்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். துணிப்பையை வாங்கிக்கொண்டு, "தனியா எப்டி போவீங்க, நானும் வர்றேன் டீச்சர்" என்று பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஏறக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, பையைத் தரையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் சாத்துவோமே, அப்படி.

"நான் வரல பாய்" என்றாள் அஸீமிடம், தாழ்ந்த குரலில். "பின்னாடி எடம் இல்ல."

பின்சீட் காலியாக இருந்தது. அஸீம் பையை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். கிளம்பிவிட்டதா என்று மீட்டரின் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஊரைத் தாண்டியதும் மேகம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. தினை வயல்கள், பலாமரங்கள், பஸ் நிறுத்தத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு கிழவர், எல்லாம் மேகத்திலிருந்து வெளிவந்து கண்ணாடியோரமாக நகர்ந்து மறுபடி மேகத்துக்குள் போயின, ஒன்றுகூட ஒரு சின்ன ஓசை எழுப்பாமல். சைமா ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். அந்த முணுமுணுப்பு நூல் மாதிரி மெலிந்து கேட்டது. அவள் முகம் அமைதியாகத்தான் இருந்தது. பயமில்லை என்று அஸீம் தனக்குச் சொல்லிக்கொண்டான். இன்னும் கொஞ்சம்தான். காவலூர், ஆலங்காயம், அப்புறம் சமதளம்.

பின்னால் மூச்சு ஆரம்பித்தது.

இன்று அது நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் மூச்சாக இருந்தது. ஒரு கொட்டாவி. ஒரு சோம்பல். அப்புறம், முதல்முறையாக, குரல். "ங்கே" என்று, யாரையாவது கூப்பிடுவதற்கு முன் குழந்தைகள் சோதித்துப் பார்க்கிற அந்தச் சின்னக் குரல். அஸீமின் கண் நிறைந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த கண்ணீர். அது கன்னத்தில் இறங்கியது அவனுக்குத் தெரியவில்லை. தாடியில் சொட்டியதும் தெரியவில்லை.

"சைமா, கேக்குதா?" என்றான்.

தன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. உதடு அசைந்தது, தொண்டை அதிர்ந்தது, அவ்வளவுதான். அவளுடைய ஓதலும் எப்போதோ அறுந்துபோயிருந்தது. ஓதி முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். காவலூர் டீக்கடையின் நீலப் பலகை கண்ணாடியில் வந்து போனது. அங்கே நின்றவர்கள் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். ஏதோ கத்துவதுபோல் வாய் திறந்திருந்தது. யாருக்கோ விடைகொடுக்கிறார்கள் போல. அவன் கவனம் பின்னால் இருந்தது.

வளைவுகள் தொடங்கின.

பின்னால் சப்புகிற சத்தம். பால் குடிக்கிறது. மெல்ல, மெல்ல, ஒரே சீராக. பிறகு ஒரு விக்கல். இன்னொன்று. பிறகு தொண்டையில் தண்ணீர் சிக்கிய மாதிரி ஒரு களக்.

அஸீமின் கை ஸ்டியரிங்கில் இறுகியது.

களக். களக். மூச்சு உள்ளே போகப் பார்க்கிறது. போகவில்லை. பிரம்பில் கால் உதைக்கிறது, வேகமாக, இன்னும் வேகமாக. ஒரு கீச்சு. காற்று மொத்தமும் ஒரு ஊசித் துளை வழியாக வரப் பார்க்கிற கீச்சு. இதுதான். அன்றைக்கு அவன் கேட்காதது இதுதான். வளைவுக்கு வளைவு நடந்தது இதுதான். கடைசிவரை அவனுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நடந்தது இதுதான். இன்று ஒரு துளி விடாமல் கேட்டது. எறும்பு நடந்தாலும் கேட்கும்படி அல்லவா செய்துவைத்திருக்கிறான்?

பிரேக்கை மிதித்தான். கால் மிதித்ததா? தெரியவில்லை. கால் இருக்கிற மாதிரியே இல்லை. மரங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. உதைப்பது தளர்ந்தது. கீச்சு தளர்ந்தது. கடைசியாக ஒரு சின்ன, களைத்த, அடங்கிப்போன மூச்சு. அப்புறம் இல்லை.

நிசப்தம்.

வண்டி எதிலோ மோதி நின்றது. பாதையோரத் தடுப்பாக இருக்கலாம். மோதிய சத்தமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மேகம் கலைந்து, தூரத்தில் ஆலங்காயத்தின் விளக்குகள் மினுங்கின. எப்படி இவ்வளவு கீழே வந்தோம்? மத்தியானம் கிளம்பியது. இப்போது எப்படி இருட்டத் தொடங்கியிருக்கிறது?

அப்போதுதான் தன் இடது கையைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே சட்டை நார்நாராகக் கிழிந்து, சதையில் நகங்கள் பதிந்திருந்தன. பதிந்து, இழுத்து, மறுபடி பதிந்து. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து காய்ந்தும் போயிருந்தது. நகங்கள் சைமாவுடையவை.

திரும்பினான்.

அவள் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாக முறுக்கேறியிருந்தன. கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கத்திக்கொண்டிருந்தாள். எத்தனை வளைவாகக் கத்திக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அவள் பக்கத்துக் கண்ணாடியெல்லாம் ரத்தக்கை பட்ட தடம். உதடுகள் அவன் பெயரைச் சொல்லின. மறுபடி சொல்லின. ஒரு ஓசையும் இல்லை. அவள் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, அவன் அதைக் கேட்கவில்லை.

சீட்டு நனைந்து கறுத்திருந்தது. அவள் மடித்த முழங்கால்களுக்கு நடுவில், துப்பட்டாவின் மேல், குழந்தை கிடந்தது. பிறந்துவிட்டிருந்தது. ஈரமாக, நீலமாக, விரல்களை விரித்துக்கொண்டு. சைமா அதை நெஞ்சோடு தூக்கினாள். அவனிடம் நீட்டினாள். பார், பார் என்று நீட்டினாள். அஸீம் கதவின் கைப்பிடியைத் தேடினான். கை தோலின்மேல் வழுக்கியது. எங்கே தொட்டாலும் தோல். லேசான சூட்டோடு.

குழந்தை வாயைத் திறந்தது. சின்ன வாய், பற்களில்லாத ஈறு, உள்ளே துடிக்கும் நாக்கு. காற்றை இழுப்பதற்காகத் திறந்தது.

மூச்சு பின்சீட்டிலிருந்து கேட்டது.

குழந்தை மறுபடி வாயைத் திறந்தது. பின்சீட்டில் மறுபடி மூச்சு. நிறைவாக, ஆழமாக, மூக்கில் மெல்லிய கொர்ரோடு. அஸீம் மேலே பார்த்தான். கூரைத் துணியின் அடியில் தோல்கள் ஒவ்வொன்றாக மெல்ல உப்பி எழுந்தன, அமிழ்ந்தன, எழுந்தன. குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது. அதன் மார்பு மட்டும் எழவே இல்லை.